சுவருக்குள் மின்கம்பிக்கு வழி

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும், 1905-இல் பெங்களூருக்கும், 1908-இல் மைசூர் நகருக்கும் சென்றடைந்தது. அதற்கு முன்னர்க் கட்டப்பெற்ற இல்லங்களில் மின்கம்பிக்கென இடம் ஏதும் விடப்பட்டிருக்கவில்லை. மரச்சட்டங்களைச் சுவரின்மேல் ஆணியடித்துப் பொருத்தி, அவற்றின்மீது கம்பியைக் கொண்டு செல்லும் முறை நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. அது பார்வைக்கு அழகன்று. எனினும் கம்பி செல்லும் வழி கண்ணுக்குத் தெரிந்தது. பழுதானதை மாற்றுவதும் எளிதாயிருந்தது. கம்பியைச் சுவருக்குள் மறைக்கும்போது இவ்விரு நன்மைகளையும் இழக்காதிருத்தல் வேண்டும்.

வீட்டின் ஆயுள் கம்பியின் ஆயுளைவிடப் பன்மடங்கு நீண்டது. ஆதலால் கம்பியைப் பூச்சுக்குள் நேரே புதைத்தல் தவறு. முதலில் குழாயைப் பதித்து, அதனுள் கம்பியைச் செலுத்துதலே முறை. பின்னர்ப் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதியதை இழுக்கலாம். குழாயின் உட்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கம்பிகள் அடைக்கலாகாது. மின்னோட்டத்தால் கம்பியில் வெப்பம் உண்டாகிறது. நெருக்கமாக அடைந்த கம்பிகளில் அவ்வெப்பம் வெளியேற இயலாது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும். அதற்குமேல் சூடேறினால் விரைவில் கெடும். குழாயில் வளைவுகள் மிகுந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். ஆதலின் இரண்டு வளைவுகளுக்கு ஓர் இணைப்புப் பெட்டி வைத்தல் நலம்.

குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டுவதற்கும் வரம்பு உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி, நெடுக்காக வெட்டும் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் மீறலாகாது. 230 மில்லிமீட்டர் சுவரில் கிடைக்காடியின் ஆழம் 38 மில்லிமீட்டர் மட்டுமே. பாரந்தாங்கும் அரைச்செங்கல் சுவரில் காடியே வெட்டலாகாது. ஆகவே கூடுமானவரை, கான்கிரீட் தளம் வார்க்குமுன் கம்பிக்கூட்டுக்கிடையே குழாய்களைப் பரப்பி, அங்கிருந்து செங்குத்தாக ஸ்விட்சுகளுக்கு இறக்குவதே சிறந்தது.

மறைந்த குழாய் எப்பொழுதும் நேர்குத்தாகவோ கிடையாகவோ செல்லல் வேண்டும். குறுக்குச் சாய்வாகச் செல்லலாகாது. ஸ்விட்சுக்கு நேர்மேலே கம்பி இருக்குமென அறிந்தவர் அங்கு ஆணி அடிக்கமாட்டார். சாய்வான வழியை எவரும் ஊகிக்க இயலாது. படம் மாட்ட அடித்த ஆணி கம்பியைத் தொட்டால், அந்த ஆணியே உயிருக்கு எமனாகலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும், ஒழுங்கான எர்த் இணைப்பும் அத்தகைய விபத்தில் உயிர்காக்கும்.

வருங்காலத் தேவைகளுக்குச் சில வெற்றுக் குழாய்களை இப்பொழுதே பதித்தல் அவசியம். குளிர்சாதனம், மின்னடுப்பு ஆகியவற்றிற்குத் தனித்தனி வழிகள் வேண்டும். கூரையில் சூரிய மின்தகடுகள் அமைக்க, மாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு குழாய் தேவை. வண்டி நிறுத்துமிடத்திற்கும் ஒன்று தேவை: 3.3 கிலோவாட் மின்வண்டிச் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர் மின்னோட்டத்தை மணிக்கணக்கில் இழுக்கும். தொலைபேசி, இணையக் கம்பிகளை மின்கம்பியோடு ஒரே குழாயில் இடலாகாது. ஒவ்வொரு வெற்றுக் குழாயிலும் ஓர் இழுகம்பியை விட்டு, எலியும் பூச்சியும் புகாதவாறு முனைகளை மூடிவைத்தல் வேண்டும்.

மண்சாந்தினாலும் சுண்ணாம்பினாலும் எழுப்பிய பழைய இல்லங்களில் காடி வெட்டினால் சுவர் உதிரும். அங்கே மூடியுள்ள பி.வி.சி. பட்டைக்குழாயைச் சுவரின் மேலேயே பொருத்துதல் தகும்.

பூச்சு வேலைக்கு முன்னர், தரையிலிருந்தும் சுவர் மூலையிலிருந்தும் ஒவ்வொரு குழாயின் தூரத்தையும் அளந்து வரைபடம் ஒன்று தயாரித்தல் வேண்டும். புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தின் ஒரு பிரதியை மீட்டர்ப் பெட்டியினுள் ஒட்டிவைத்தால், பல ஆண்டுகள் கழித்து வரும் மின்பணியாளரும் சுவரை உடைக்காமலே வழியைக் கண்டுகொள்வார்.