கால்குலேட்டருக்காகப் பிறந்த கணினி

டீ ஆறுவதற்குள் ஒரு பழைய பாடத்தைப் புரட்டிவிடலாம். கணினியின் முதல் தலைமுறை வால்வு, இரண்டாவது டிரான்சிஸ்டர், மூன்றாவது ஐ.சி., நான்காவது மைக்ரோபிராசசர். இரண்டு மதிப்பெண் கேள்விக்கென்று உருப்போட்டோமே, அதேதான்.

முதல் மூன்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். எடை 30 டன். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஃப்ராக்கும் வால்வு இயந்திரம்தான். வால்வு சூடேறும், கரண்டைக் குடிக்கும், அடிக்கடி போய்விடும். அதன் இடத்துக்கு 1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் சில்லில் பதித்தார்கள், அது ஐ.சி. உறுப்பு சிறுத்துக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

நான்காவதையும் அதே வரிசையில் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அது கணினிக்காகப் பிறக்கவே இல்லை.

1969-ல் பிசிகாம் என்ற ஜப்பானிய கால்குலேட்டர் நிறுவனம் இன்டெலை அணுகியது. இன்டெல் அப்போது ஒரு வயதுக் குழந்தை, நினைவகச் சில்லு செய்கிற கம்பெனி. பிசிகாமின் பொறியாளர் மசடோஷி ஷிமா கொண்டுவந்த திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு. மொத்தம் ஒரு டஜன். இன்டெலின் டெட் ஹாஃபுக்கு இது கட்டுப்படியாகாது என்று பட்டது. எதற்கும் பயன்படும் ஒரு செயலியைச் செய்துவிட்டு, கால்குலேட்டரின் வேலைகளை நிரலாக எழுதி நினைவகத்தில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். நான்கே சில்லுகள் போதும்.

முறுக்கு நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். தேன்குழலுக்கு ஒன்று, ஓமப்பொடிக்கு ஒன்று என்று யாரும் நாழி வாங்குவதில்லை. அச்சை மாற்றினால் போதும். நிரலை மாற்றி வேலையை மாற்றுவது பெரிய கணினிகளில் முன்பே இருந்ததுதான். ஹாஃப் கேட்டது, அந்த வசதியைக் கடையில் வாங்கும் ஓர் உதிரிபாகமாக்கலாமா என்பது.

யோசனை சொன்னதோடு வேலை முடியவில்லை. 1970 ஏப்ரலில் ஷிமா திரும்பி வந்து பார்த்தால், வடிவமைப்பு நகரவே இல்லை. மனிதருக்குக் கடுங்கோபம். அதை வாங்கிக்கட்டிக்கொண்டவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இத்தாலியர் ஃபெடரிகோ ஃபாஜின்! பிறகு அதே ஷிமா உடனிருந்து உதவ, ஃபாஜின் சில்லை வரைந்து முடித்தார். 2,300 டிரான்சிஸ்டர்கள், ஒரே சமயத்தில் 4 பிட். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்துவைத்தார். அதுதான் 4004 என்ற மைக்ரோபிராசசர்.

ஒப்பந்தப்படி அதன் உரிமை பிசிகாமிடம் இருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் கேட்டபோது, இன்டெல் 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து, கால்குலேட்டர் அல்லாத பொருட்களுக்கு விற்கும் உரிமையைப் பெற்றது. 1971 நவம்பரில் விளம்பரம் வந்தது. 1974-ல் இன்டெலின் 8080 மைக்ரோபிராசசர், அதை வைத்து 1975-ல் ஆல்டெர் என்ற கணினி, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தது.

ஐந்தாம் தலைமுறை என்ன ஆயிற்று என்பீர்கள். 1982-ல் ஜப்பான் அரசு அந்தப் பெயரிலேயே பெருந்திட்டம் தொடங்கியது. தர்க்க நிரல்களுக்கென்றே தனி இயந்திரங்கள் கட்டினார்கள். பத்தாண்டில் திட்டம் முடிவதற்குள், எல்லோருக்கும் விற்ற சாதாரண மைக்ரோபிராசசர்கள் வேகத்தில் அவற்றை முந்திவிட்டன.