அப்பாவின் பத்திரத்தில் வேறொரு பெயர்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், அத்தை வீட்டில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். தங்கை இந்தியாவின் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அதற்கு நம்மை அப்பாவோடும், அப்பாவைத் தாத்தா பாட்டியோடும் இணைக்கும் பத்திரங்கள் வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறி, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. தாத்தாவின் பெயர் சரியாக இருந்தது. தாயார் என்ற இடத்தில் பாட்டியின் பெயர் இல்லை. நாங்கள் கேள்விப்பட்டே இராத வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது.

எழுத்துப் பிழை என்று சமாதானம் சொல்ல வழியில்லை. லெட்சுமணன் என்ற ஒரே பெயரை ஒரு கிராணி ‘எல்-ஈ’ என்று தொடங்குவார், இன்னொருவர் ‘எல்-ஏ’ என்று தொடங்குவார். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்கு மூன்று விதமாக எழுதப்பட்ட அப்பா பெயர் நம்மிடையே சர்வசாதாரணம். இது அப்படியில்லை. முற்றிலும் வேறு பெயர். (யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. அத்தைக்கு அதில் விருப்பமில்லை.)

எனக்குத்தான் ஆராய்ச்சியாளர் நினைப்பு வந்துவிட்டதே! தாத்தாவுக்கு இன்னொரு மனைவி இருந்திருக்க வேண்டும், அவர் இறந்த பிறகு பாட்டி அப்பாவை வளர்த்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அதை இருபது பேர் கூடியிருந்த வீட்டில், முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியும் விட்டேன். அப்பா இப்போது இல்லை. அவருடைய அக்கா, என் அத்தை, எண்பது வயதைக் கடந்தவர், எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் ஒரு மாதம் என் தொலைபேசி அழைப்பை அவர் எடுக்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் பத்திரத்தை ஒழுங்காகப் படித்தேன்.

பிறப்புப் பத்திரத்தில் நாம் எல்லோரும் பார்ப்பது பெயர், தேதி, பெற்றோர் ஆகியவற்றைத்தான். கீழே இன்னும் இரண்டு விவரங்கள் இருக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்பது ஒன்று, என்றைக்குப் பதிவு செய்தார்கள் என்பது மற்றொன்று. அப்பா பிறந்தது 1943 என்று இருந்தது. பதிவு செய்ததோ 1949. தகவல் கொடுத்தவர் தாத்தா இல்லை, தோட்டத்துக் கிராணி. பிறந்த தேதி ஜனவரி முதல் நாள். அப்பா வாழ்நாள் முழுக்கப் புத்தாண்டு அன்று கேக் வெட்டியதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆறு வருடம் கழித்து, பிரசவத்தை அறியாத ஒருவர், அலுவலக மேசையில் உட்கார்ந்து சொன்ன தகவல் அது. பதிவாளர் கேட்டதை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். பிறந்த சில நாளில் தகப்பனே போய்ப் பதிந்த பத்திரத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அடுத்ததாகக் கூடப்பிறந்தவர்களின் பத்திரங்களைத் தேடினேன். தனி ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு உறவை முடிவு செய்வதைவிட, எல்லாப் பிள்ளைகளின் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பார்ப்பது எத்தனையோ மேல். அத்தையின் மகன் இரகசியமாகத் தன் அம்மாவின் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினார். 1938, தகவல் கொடுத்தவர் தாத்தா, தாயார் எங்கள் பாட்டி. சித்தப்பா 1951இல் அரசாங்க மருத்துவமனையில் பிறந்தவர். அதிலும் பாட்டிதான். முன்னும் பின்னும் பாட்டி, நடுவில் மட்டும் இன்னொருவர். இதனால் மட்டும் என் கதை பொய்யாகிவிடாது. ஆனால் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பெட்டியின் அடியில் ஒரு சிறிய காகிதம் கிடைத்தது. யாரோ பென்சிலில் ஜாதகக் குறிப்பு எழுதியிருந்தார்கள்: சுபானு வருடம், ஆடி மாதம். அறுபது வருடச் சுழற்சியில் சுபானு 1943 சித்திரையில் தொடங்கியது. ஆக ஆடி என்றால் 1943 ஜூலை, ஆகஸ்ட். ஆண்டு சரி, ஜனவரி முதல் நாள்தான் கிராணியின் கற்பனை. வீட்டில் இப்படிப்பட்ட துண்டுக் காகிதம் இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்றரை ஆண்டுகளின் பத்திரங்களில் ஆண்டு 2603 என்று இருக்கலாம், அல்லது ஷோவா 18 என்று இருக்கலாம். பயப்பட வேண்டாம். 2603இல் 660ஐக் கழித்தால் 1943. ஷோவா 18ம் அதே ஆண்டுதான்.

பிறகு மன்னிப்புக் கேட்க அத்தை வீட்டுக்குப் போனேன். மூன்று பத்திரங்களையும் அந்தக் காகிதத்தையும் மேசையில் வைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பத்திரத்தை நிதானமாகப் பார்த்தார். பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்தார்.

“ஏன்டா, இந்தத் தோட்டத்துக்கு நாங்க வந்ததே சண்டை முடிஞ்சப்புறம்தான். ஒங்கப்பா நடந்து வந்தான். இங்க எப்படிடா பொறப்பான்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறந்த இடமும் தப்பு.

“அந்தப் பேரு யாருதுன்னு தெரியுமா? கப்பல் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் ஊருக்குப் போயிட்ட ஒரு அக்கா. புதுசா ஆள் எடுக்க மாட்டேன்னு தோட்டத்துல சொல்லிட்டாங்க. அவுங்க எடத்துல எங்கம்மாவ நிறுத்திட்டுப் போனாங்க. பெரட்டுல அந்தப் பேரக் கூப்பிட்டா எங்கம்மா கைதூக்கணும். வருசக்கணக்கா அப்படித்தான்.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்க 1949இல் பத்திரம் தேவைப்பட்டபோது, கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துத் தாயார் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தாத்தாவும் பார்க்கவில்லை. மரம் சீவியதும் பாட்டி, பிள்ளை பெற்றதும் பாட்டி. புத்தகத்தில் மட்டும் அவர் வேறு ஆள்.

இதற்கு எழுத்துச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் தேடினேன். அவசரகாலம் பிரகடனமான 1948இல்தான் மலாயாவில் அடையாள அட்டை வந்தது. பாட்டியின் பிற்கால அட்டையின் நகலில் அவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசிப் பெயர் மாறிவிடும். ஆகவே பெண்களின் அட்டையில் உள்ள அந்தத் தகப்பன் பெயர் ஒரு தலைமுறையை இலவசமாகக் காட்டிக்கொடுக்கும். அத்தையின் சாட்சியம், மற்ற இரண்டு பத்திரங்கள், தப்பாக இருக்கும் தேதியும் இடமும், இவை எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. செக்ரோல் புத்தகம் கிடைக்கவில்லை. தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

தங்கையின் விண்ணப்பத்துக்காக இப்போது அத்தை சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இது போன்ற தேடலில் இறங்குபவர்களுக்கு: பிறந்தவரின் பெயர், ஏறத்தாழ ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் தேசியப் பதிவுத் துறையில் பிறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் பிறந்த முன்னோர் என்றால் அங்கே 1872 முதலே பதிவுகள் உண்டு. வீட்டில் சொல்லும் முறைப்பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் பெரியப்பாதான். பெற்ற தாயை ‘அக்கா’ என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, பத்திரம் சுத்தமாக இருப்பதால் இரத்த உறவு என்று ஆகிவிடாது. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழி தத்தெடுத்த பிள்ளைக்கு, வளர்க்கும் பெற்றோர் பெயரிலேயே புதிய பத்திரம் கொடுக்கிறார்கள். சட்டமே இல்லாமல் தங்கை பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பதிந்த அக்காமார்களும் நம் தோட்டங்களில் இருந்திருக்கிறார்கள். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், அந்த உறவில் உயிரோடு இருப்பவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். நான் செய்தது போல் முறுக்குத் தட்டோடு அறிவிக்க வேண்டாம்.

அத்தை இப்போது என்னோடு பேசுகிறார். போன வாரம் அவரே அழைத்தார். ஊருக்குப் போன அந்த அக்காவுக்கு நாகப்பட்டினம் பக்கம் சொந்தம் இருந்ததாக ஞாபகம் வந்திருக்கிறது. கைக்குழந்தையோடு கப்பல் ஏறினாராம். அந்தக் குழந்தை இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தது. அதற்கும் ஒரு பிறப்புப் பதிவு இருக்க வேண்டும், தாயார் பெயர் சரியாக எழுதப்பட்டது. விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.