உதிரும் இலையும் துளிர்க்கும் மரமும்

பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் படித்த பாடம் ஒன்று உண்டு. ஆண்டுக்குப் பருவங்கள் நான்கு. அவை இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்பன. இலையுதிர்காலம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும் என்றும், அப்போது மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு பின்னர் மொட்டையாக நிற்கும் என்றும் ஒப்புவித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஐப்பசி மாதத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கக் கண்டவர் யார்? ஐப்பசியில் இங்கே அடைமழை அன்றோ! ஏரி நிரம்பி, வேலியெல்லாம் கொடி படர்ந்து, பாறை இடுக்கில்கூடப் புல் தலைநீட்டும் காலம் அது.

நம் முன்னோர் ஆண்டை நான்காகப் பகுக்கவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதை ஆறாகப் பகுத்தது தொல்காப்பியம். மழை, குளிர், பனி, வெயில் ஆகியவற்றால் பெயர் பெற்ற இவற்றுள் இலையுதிர்வால் பெயர் பெற்றது ஒன்றுகூட இல்லை. அதனால் நம் மரங்கள் இலையுதிர்ப்பதில்லை என்று பொருளன்று. உதிர்க்கின்றன, ஆனால் பின்பனியில், அதாவது மாசி பங்குனியில் உதிர்க்கின்றன. மேலை நாட்டு மரத்துக்கும் நம் மரத்துக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பதை என்னால் இயன்ற அளவு விளக்க முற்படுகிறேன்.

எங்கள் வீடு செஞ்சிப் பகுதியில் ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில் உள்ளது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் இக்குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். யாரோ பெரிய பெரிய உருண்டைகளை அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கோட்டையால் புகழ் பெற்றன. எங்கள் குன்றுக்கு அத்தகைய பேறு இல்லை. வீட்டைச் சுற்றி வேம்பு, புங்கம், முருங்கை, பூவரசு, கிணற்றடியில் ஓர் ஒதியமரம், சற்றுத் தள்ளிப் புளி. குன்றின் சரிவில் உசிலை, வெப்பாலை, கள்ளி, அங்கும் சில ஒதியமரங்கள்.

இந்த ஒதியமரங்கள்தாம் எனக்கு முதல் பாடம் கற்பித்தன. சரிவில் நிற்கும் ஒதியம் தை பிறந்தவுடனே இலையைக் கொட்டிவிடும். கிணற்றடி ஒதியமோ மாசி பாதி வரை தழைத்தே நிற்கும். இரண்டும் ஒரே இனம். இரண்டின்மேலும் அடிப்பது ஒரே வெயில். இரவின் குளிரும் ஒன்றே. வேறுபடுவது வேருக்கடியில் உள்ள நீர் மட்டுமே. பாறைமேல் படிந்த ஒரு முழ மண்ணில் மழைநீர் எத்தனை நாள் தங்கும்? நமக்கு மழையின் பெரும்பங்கைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அது டிசம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் மண்ணின் ஈரம் வற்ற வற்ற, இலையின் வழியே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய வேரால் இயலாது போகிறது. செலவைக் குறைக்க மரத்துக்குள்ள வழி இலையைக் கழிப்பதுதான்.

குளிர் நாடுகளில் மரத்துக்குக் கடிகாரமாக இருப்பவை குறுகும் பகலும் இறங்கும் வெப்பநிலையும். அங்கே குளிர்காலத்தில் மண்ணில் நீர் உறைந்துவிடுவதால் வேர் அதை உறிஞ்ச முடியாது. காசுமீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிவப்பது இவ்வகையைச் சேர்ந்ததே. நம் ஊரில் கடிகாரம் ஈரம்.

இலை எவ்வாறு உதிர்கிறது? காற்று பறித்துச் செல்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மரமே முனைந்து செய்யும் வேலை. இலையில் உள்ள பச்சையம் முதலில் சிதைக்கப்படுகிறது. தழைச்சத்து, மணிச்சத்து போன்றவை இயன்ற அளவு கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பச்சை நீங்கியதும் அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன; பூவரசின் பழுத்த இலை மஞ்சளாவது இதனால்தான். இதற்கிடையே காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களாலான ஒரு பிரியும் அடுக்கு உருவாகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் குறைந்து எத்திலீன் மிகும்போது அந்தச் செல்களின் பிடிப்பு தளர்கிறது. கிளையின் பக்கம் தக்கை போன்ற படலம் புண்ணை மூடிவிடுகிறது. பிறகு ஒரு சிறு காற்றே போதும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்த நம் மொழியினர் இதை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும்!

பிரியும் அடுக்கை உயிருள்ள கிளைதான் உண்டாக்க முடியும் என்பது இங்கே முக்கியமானது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் இறுதியில் நம் பகுதியைத் தாக்கியபோது பக்கத்துக் கொல்லையில் ஒரு வாகைக் கிளை முறிந்து தொங்கியது. வாகை மரம் உரிய காலத்தில் தன் இலைகளை உதிர்த்துவிட்டது. முறிந்த கிளையில் மட்டும் சருகு உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெட்டிய தழையும் இப்படித்தான் காய்ந்தபடியே தொங்கும்.

இவ்வறிவு எங்கள் வீட்டில் ஒரு மரத்தின் உயிருக்கு உதவியது. ஒரு மார்கழியில் எங்கள் வேம்பின் நுனிக்கொம்புகள் தீயில் கருகியவை போல் பழுப்பேறின. வேம்பு இலையுதிர்ப்பது மாசியில். மார்கழியில் அதற்கு வேலையில்லை. மரம் பட்டுவிட்டது என்றார் தெருவில் போனவரெல்லாம். மரம் வாங்குபவர் வந்து மூவாயிரம் விலை பேசினார். காய்ந்த மரம் ஓட்டின்மேல் விழுந்தால் என்ன செய்வது என்ற அப்பாவின் கவலையிலும் நியாயம் இருந்தது. “நான் வாக்கப்பட்டு வந்த வருசம் வெச்ச மரம்டா” என்று ஆயா மட்டும் திண்ணையை விட்டு எழவில்லை.

நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். காய்ந்த இலைகள் உதிராமல் தொங்கின. ஆகவே அது இயல்பான இலையுதிர்வு அன்று; நுனிகள் நோயால் இறந்திருந்தன. ஆனால் விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளைகளை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தது. கல்லூரியில் துறைப் பேராசிரியரிடம் ஒரு கொம்பைக் காட்டினேன். நுனிக்கருகல் என்றார். போமாப்சிஸ் என்னும் பூஞ்சையாலும், இளங்கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சியாலும் வேம்புக்கு இது வருகிறது. 2021ஆம் ஆண்டு தெலங்கானாவில் எண்ணற்ற வேப்பமரங்கள் இவ்வாறு கருகி மக்களை அச்சுறுத்தின. மழையும் குளிர்ந்த ஈரக்காற்றும் உள்ள மாதங்களில் இது பெருகும். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கும். கருகிய கொம்புகளைக் கழித்து எரித்தோம். அப்பா பங்குனி வரை தவணை கொடுத்தார். மாசியில் மற்ற இலைகள் முறைப்படி உதிர்ந்தன. பங்குனி இரண்டாம் வாரம் கீழ்க்கிளைகளில் செந்தளிர் கண்டது.

வியப்புக்குரியது இந்தத் துளிர்ப்புத்தான். நீர் இல்லை என்று இலையைக் கொட்டிய மரம், மழை வருமுன்பே, வெயில் கொளுத்தத் தொடங்கும் பங்குனி சித்திரையில் தளிர் விடுவது எப்படி? வேம்பும் புங்கமும் அரசும் அப்படித்தான் செய்கின்றன. இலை போனதும் நீர்ச்செலவு நின்றுவிடுகிறது. ஆழத்தில் உள்ள வேர் சிறிது சிறிதாக உறிஞ்சும் நீர் தண்டில் சேர்கிறது. நீளும் பகலும் தளிரைத் தூண்டுகிறது என்பர். மழை வரும்போது இலை முற்றி, உணவு தயாரிக்க அணியமாக இருக்கும். புழு பூச்சிகள் பெருகுமுன் இளந்தளிர்ப் பருவம் கடந்துவிடுவதும் ஓர் ஆதாயம்.

நிறத்தைத் தேடுவோர் நம் நாட்டில் பார்க்க வேண்டியதும் தளிரையே. அரசு, மா, இலுப்பை ஆகியவற்றின் தளிர் செம்பு நிறத்தில் மின்னும். மேப்பிள் மரம் முதுமையில் சிவப்பது எந்த அந்தோசயனின் வகை நிறமிகளாலோ, அவ்வகை நிறமிகளாலேயே இவை இளமையில் சிவக்கின்றன. கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காக்கும் குடை அது என்பது ஒரு விளக்கம். உதிருமுன் சிவக்கும் மரமும் இங்கே இல்லாமலில்லை. வாதாங்கொட்டை மரத்தடியில் சிவந்து கிடக்கும் அகன்ற இலைகளைப் பலரும் மிதித்துச் சென்றிருப்பீர்கள்.

இதே மாவட்டத்தில் வேறு போக்குள்ள மரங்களும் உண்டு. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டுக்குப் பங்குனியில் போய்ப் பாருங்கள். குன்றுகள் எல்லாம் வெளுத்துக் கிடக்க, அக்காடு மட்டும் கரும்பச்சையாக இருக்கும். வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற அங்குள்ள மரங்களின் இலைகள் தடித்தவை, தோல் போன்றவை. நீரை எளிதில் விடாதவை. உதிர்த்துச் சமாளிப்பது ஒன்றின் வழி. இறுகப் பிடித்துச் சமாளிப்பது மற்றொன்றின் வழி.

மாசியில் எங்கள் தோட்டத்தின் தோற்றமே மாறிவிடும். அவரைக்கொடி காய்ந்து பந்தல் வெறுமையாகும். புங்கஞ்சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். தெருக்களில் இதைக் குவித்துத் தீ வைப்பதை நான் வெறுக்கிறேன். புகையைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை. ஆயா கூடை கூடையாக வாரித் தென்னம்பாத்தியில் கொட்டுவார். வாரம் இருமுறை பாய்ச்சிய தண்ணீர் அதன்பின் ஒருமுறை போதும். ஆடிக்குள் அது மக்கி மண்ணாகிவிடும்.

திண்டிவனத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் புளி மட்டும் இந்த ஆரவாரம் எதிலும் சேராது. பழையதைச் சிறிது சிறிதாக விட்டுப் புதியதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும். அதன் கொழுந்தைப் பறித்துப் பருப்போடு கடைவார் ஆயா. மரம் ஏற வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் நான்தான் துறட்டி பிடிக்க வேண்டும்.