பவர் டில்லர் எத்தனை மணி ஓடினால் கட்டுப்படியாகும்?

காவிரிப் பாசனப் பகுதியில் ஏர்மாடுகள் அருகிவிட்டபடியால், ஐந்தாறு ஏக்கர் நிலமுடைய குடியானவர்களும் சேற்றுழவுக்குப் பவர் டில்லர் ஒன்றைச் சொந்தமாக வாங்க விரும்புகின்றனர். தண்ணீர் வந்த சமயத்தில் வாடகை இயந்திரம் வந்து சேர்வதில்லை என்பது அவர்கள் கூறும் குறை. அது நியாயமானதே. ஆயினும் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் அவசியம்.

உழவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாடு வைக்கோல் தின்னும். இயந்திரமும் அவ்வாறே. கொட்டகையில் சும்மா நின்றாலும், போட்ட முதலுக்கு வட்டியும் தேய்மானமும் இன்ஷூரன்ஸும் ஏறிக்கொண்டே வரும். இவற்றை நிலைச் செலவு என்போம். டீசல், ஓட்டுநர் கூலி, மசகெண்ணெய், கத்தித் தேய்வு முதலியன ஓடும் மணிக்குத் தக்கபடி கூடுவன; இவை மாறும் செலவு.

விளங்கும்பொருட்டுச் சில தொகைகளை உத்தேசமாக எடுத்துக்கொள்வோம். அவரவர் தம் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க. இயந்திர விலை 2,40,000 ரூபாய்; 8 ஆண்டு உழைத்தபின் 40,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றால், ஆண்டுத் தேய்மானம் 25,000. வட்டி 20,000, இதர நிலைச் செலவு 5,000. ஆக ஆண்டுக்கு 50,000 ரூபாய். மாறும் செலவு மணிக்கு 300, வாடகை மணிக்கு 500 எனில், ஒவ்வொரு மணியும் நிலைச் செலவை அடைக்க 200 ரூபாய் தருகிறது. 50,000-ஐ 200-ஆல் வகுக்க 250 மணி வரும். இதுவே கட்டுப்படி எல்லை.

ஏக்கருக்கு 6 மணி வீதம், 5 ஏக்கரில் இரு போகத்துக்குமாகச் சொந்த வேலை 60 மணிதான். வாடகைக்கு விட்டால் 30,000 ரூபாயில் முடியும் இவ்வேலை, இயந்திரம் வாங்கினால் 68,000 ரூபாயாகிறது. ஆகவே மீதி 190 மணி வேலையை அயலார் நிலத்தில் தேடியாகவேண்டும். தாமே ஓட்டினால் கூலி மிச்சம் என்பர் சிலர். தம் உழைப்புக்குக் கூலி எழுதாமல் இலாபம் காண்பது நம்மவரிடையே சகஜம்; அதை நாம் கணக்கென்று ஒப்புவதில்லை.

போட்டியின் விஷயம் இதனினும் கவனிக்கத்தக்கது. ஊரில் இரண்டாவது இயந்திரம் வந்து வாடகை 400-ஆக இறங்கினால், மணிக்கு மிஞ்சுவது 100 ரூபாயே. எல்லை 500 மணியாகிறது. வாடகை ஐந்தில் ஒரு பங்கு குறைய, வேலை இரு மடங்கு வேண்டியிருக்கிறது! நாளைக்கு 8 மணி ஓட்டினும் அறுபது நாளுக்கு மேல் செல்லும். சேற்றுழவுப் பருவம் அத்தனை நாள் நீடிக்குமா? மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. குறுவை தவறினால் அப்போகத்து மணிகளும் தவறும், வட்டி தவறாது.

மானியம் நிலைச் செலவை மட்டுமே குறைக்கும். 50,000 ரூபாய் 35,000-ஆக இறங்கின், எல்லை 175 மணி. அப்பொழுதும் 5 ஏக்கர்க்காரருக்கு 115 மணி வெளிவேலை வேண்டும். நாலைந்து பேர் கூட்டாக வாங்குவதே இத்தகையோருக்கு உசிதம் என்பது எமது அபிப்பிராயம். தண்ணீர் வந்த அன்று எவர் வயல் முதலில் என்பதை முன்னரே எழுதிக்கொள்ளவேண்டும்.

வேலையற்ற மாதத்தில் ஒருவர் 350 ரூபாய்க்குக் கேட்டால் மறுக்கவேண்டா. 300 போக 50 ரூபாய் நிலைச் செலவுக்கு உதவும். 280-க்குக் கேட்டால் இயந்திரம் கொட்டகையிலேயே நிற்கட்டும்.

இயந்திரக் கடனுக்காக அடங்கல் நகல் கேட்டு வருவோரிடம், கிராம நிர்வாக அலுவலர்கள் ஊரில் ஏற்கெனவே எத்தனை பவர் டில்லர் உள்ளன என்பதையும், அவை சென்ற ஆண்டு எத்தனை மணி ஓடின என்பதையும் எடுத்துச் சொன்னால் பேருதவியாகும்.