கிடைத்த பிறகு தொலைந்த தலை

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அடியில் ஒரு குகை. அதற்குள் ஐந்நூறு வருடமாகக் கிடந்த ஒரு தலை அகப்படுகிறது. டேட்டா என்கிற இயந்திர மனிதனின் தலை. விசேஷம் என்னவென்றால், டேட்டா தன் தலையைக் கழுத்தில் சுமந்தபடியே பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரில் 1992இல் இரண்டு பகுதிகளாக வந்த 'டைம்ஸ் ஆரோ' கதை இப்படித் தொடங்குகிறது.

தலை எப்படி அங்கே வந்தது என்று விசாரிக்கப் போய், டேட்டா 1893ஆம் வருட சான் பிரான்சிஸ்கோவில் போய் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு வெடிப்பில் தலை தனியே போய்விடுகிறது. உடல் மட்டும் 24ஆம் நூற்றாண்டுக்குத் திரும்ப, கண்டெடுத்து வைத்திருந்த பழைய தலையை அதில் பொருத்துகிறார்கள். அன்று முதல் டேட்டாவின் தலை, உடலைவிட ஐந்நூறு வயது மூத்தது. கிடைத்ததால் தேடினார்கள், தேடியதால் தொலைந்தது, தொலைந்ததால் கிடைத்தது. காரணமும் விளைவும் இப்படி ஒன்றையொன்று பெற்றெடுக்கும் விசித்திரத்துக்குக் காரண வளையம் என்று பெயர். அதற்குத் தொடக்கமே கிடையாது.

காலப்பயணத்தை வெறும் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. காலத்தில் முன்னோக்கித் தாவுவது நிஜமாகவே நடந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்த இரட்டையர் ஸ்காட் கெல்லியும் மார்க் கெல்லியும். இருவருமே விண்வெளி வீரர்கள். ஸ்காட் 2015-16இல் 340 நாள் விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தார். அதன் வேகத்தில் ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. வேகமாகச் செல்பவரின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கண்ட விதி. அந்த 340 நாளில் ஸ்காட்டின் வயது தரையில் இருந்த மார்க், நண்பர்கள் எல்லோருடையதையும் விடக் கொஞ்சம் குறைவாகவே கூடியது. எவ்வளவு குறைவு? நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் காலப்பயணம் காலப்பயணம்தான்.

முன்னால் போகலாம், சரி. பின்னால்? விடை நியூ ஜெர்சியிலேயே, பிரின்ஸ்டனில் இருந்தது. அங்கே ஐன்ஸ்டைனோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பவர் கணித மேதை குர்ட் கோடல். ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி 1949இல் அவர் ஒரு வில்லங்கமான பரிசு கொடுத்தார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே, மொத்தமாகச் சுழலும் ஒரு பிரபஞ்சத்தைக் கணக்கில் கட்டிக் காட்டினார். அதில் ஒளியின் வேகத்தில் 71 சதவீதத்தைத் தொட்டு, போதிய தூரம் சுற்றி வந்தால் சொந்த நேற்றில் போய் இறங்கலாம். அந்த வேகத்தில் நிலவுக்குப் போக இரண்டு நொடி போதும். நாம் வாழும் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. ஆனால் சமன்பாடுகள் தடை சொல்லவில்லை. கோடல் இன்னும் ஒரு படி மேலே போனார்: நேற்றுக்குத் திரும்ப முடியுமென்றால் நேற்று எங்கும் போய்விடவில்லை, காலம் ஓடுகிறது என்பதே மாயை.

அடுத்த ஆச்சரியம் டெக்சாஸில். 1963இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கணிதவியலாளர் ராய் கெர், சுழலும் கருந்துளைக்கான கணக்கைக் கண்டுபிடித்தார். அதன் உள்ளாழத்திலும் இதே போல நேற்றுக்கே திரும்பிவரும் மூடிய காலப்பாதைகள் ஒளிந்திருந்தன. பிறகு அதே ஆஸ்டினில் இயற்பியலாளர் ஜோசப் போல்சின்ஸ்கி ஒரு குறும்பான கேள்வி கேட்டார். கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காய் இந்தக் குழியில் விழுந்து, விழுவதற்கு ஒரு நொடி முன்பே அந்தக் குழியிலிருந்து வெளியே வருகிறது. வந்த வேகத்தில், குழியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளிவிடுகிறது. இப்போது காய் குழியில் விழாது. விழாவிட்டால் இடித்தது எது? அவர் மனத்தில் இருந்தது பில்லியர்ட்ஸ் பந்து. குழிகளின் இடத்தில் புழுத்துளை, அதாவது வெளியிலும் காலத்திலும் தொலைவில் உள்ள இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழி.

கலிபோர்னியாவில் இயற்பியலாளர் கிப் தோர்ன் குழுவினர் 1991இல் விடை சொன்னார்கள். வெளியே வரும் பந்து நேராக மோதாமல் லேசாக உரசிப் போகட்டும். உரசலால் பந்து சற்றே திசை மாறி, ஆனாலும் துளைக்குள் விழும். திசை மாறி விழுந்ததால்தான் வெளியே வரும்போது நேராக மோதாமல் உரசியது! எந்த முரணும் இல்லை. டேட்டாவின் தலையும் இப்படி உரசிப் போன பந்துதான். இதைவிடப் பெரிய வேடிக்கை, இப்படி முரணில்லாத விடைகள் கணக்கற்று இருந்தன. அவற்றில் எது நடக்கும் என்பதை யார் முடிவு செய்வது? சமன்பாடு வாயைத் திறக்கவில்லை.

தொலைக்காட்சியில் கடவுள் நுழைவது இந்த இடைவெளியில்தான். டேட்டா வந்த அதே தொடரின், 1994இல் வந்த 'ஆல் குட் திங்ஸ்' கதையில் கியூ என்றொருவன். விரல் சொடுக்கினால் நினைத்தது நடக்கும். விண்கலத்தின் கேப்டன் பிக்கார்டை அவன் மூன்று காலங்களுக்கிடையே பந்தாடுகிறான். பிக்கார்ட் தேடிப் போகும் ஒரு காலவெளிப் பிளவு, அவர் தேடியதாலேயே உண்டாகிறது. காலத்தில் பின்னோக்கிப் போகப் போகப் பெரிதாகிறது. 350 கோடி வருடத்துக்கு முந்தைய பூமியில் முதல் உயிரே உருவாகாமல் தடுத்துவிடுகிறது. மனித இனம் தன் பிறப்பைத் தானே அழித்துக்கொண்டால், அழித்தது யார்? கியூ நினைத்தால் நொடியில் சரிசெய்துவிடலாம். அப்படிச் செய்தால் கதையும் நொடியில் முடிந்துவிடுமே! அதனால் எழுத்தாளர்கள் கடவுளின் கையைக் கட்டிவிட்டு வாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். கியூ குறிப்பு தருவான், கிண்டல் செய்வான். விடையை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டார் ட்ரெக் வரிசையின் இன்னொரு தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' காட்டும் தெய்வங்கள் இன்னும் நுட்பமானவர்கள். 1993இல் வந்த முதல் கதையிலேயே, ஒரு புழுத்துளைக்குள் குடியிருக்கும் அவர்களைத் தளபதி சிஸ்கோ சந்திக்கிறார். அவர்களுக்கு முன், பின் என்பதே கிடையாது. கோடல் சொன்ன ஓடாத காலத்திலேயே வாழ்கிறவர்கள். சிஸ்கோ பேஸ்பாலை வைத்து விளக்குகிறார்: ஒவ்வொரு பந்தும் வீசப்பட்ட பிறகுதான் அடுத்தது என்ன என்று தெரியும். முடிவு தெரியாமல் எதற்கு ஆடுகிறீர்கள் என்று திகைக்கிறார்கள். தெரியாததால்தான் ஆடுகிறோம் என்கிறார் அவர்.

முக்காலமும் உணர்ந்தவர்களுக்கு மனிதன் பாடம் எடுக்கும் இந்த இடத்தில்தான் அறிவியல் புனைவின் சாமர்த்தியம் இருக்கிறது. காலத்தை வெளியே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைச் சமன்பாட்டில் எழுதலாம். திரையில் காட்ட ஒரு தெய்வம் வேண்டும். அந்தத் தெய்வங்களால் முடியாத காரியம் ஒன்று உண்டு: அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று காத்திருப்பது. அது நமக்கு மட்டுமே வாய்த்த வரம்.