வெட்பாலையா, ஸ்டீராய்டா?

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் 28 நாள் ஆகும். சொரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படையில், நோய் எதிர்ப்பு அணுக்கள் வீணாக அழற்சியைத் தூண்டுவதால், சில நாள்களிலேயே செல்கள் மேலேறிச் செதிலாகக் குவிகின்றன.

ஸ்டீராய்டு களிம்பு அந்த அழற்சியை விரைவில் அடக்கும். ஆனால், மருத்துவர் சொன்ன காலத்தைத் தாண்டித் தடவினால் தோல் மெலியும். சட்டென நிறுத்தினால் நோய் சீறித் திரும்பலாம். அதனால்தான் இந்தியாவில் 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு மருந்துச்சீட்டு கட்டாயமானது.

போடி மலையடிவாரம் போன்ற வறண்ட சரிவுகளில் வளரும் வெட்பாலை, சித்த மருத்துவத்தின் விடை. இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாகும். தடவினால் செதில் இளகும். பலன் மெதுவாகத்தான் வரும். பெரிய ஆய்வுகளும் குறைவு.

பெயர் தெரியாத ‘மூலிகைக் களிம்பு’ ஒரே வாரத்தில் மாயம் செய்கிறதா? உள்ளே ஸ்டீராய்டு ஒளிந்திருக்கலாம்!