காரணம் கூறும் யந்திரம்

தராசின் முள்ளைப் பாராமல் பருத்தியை எடைபோட்டுக் கொடுக்கும் உழவர் பெரம்பலூர் வட்டாரத்தில் எவரும் இலர். நூலின் நம்பரையும் எடையையும் பாராமல் பாவு ஏற்றும் நெசவாளர் ஜெயங்கொண்டம் பகுதியிலும் இலர். ‘கணக்கைக் காட்டுக’ என்று கேட்பது கூட்டுறவின் உயிர்நாடி. பொதுக்குழு கூடுவதும் தணிக்கை அறிக்கை படிக்கப்படுவதும் இதன் பொருட்டே. இப்பொழுது நம் பயிருக்கும் கடன் மனுவுக்கும் துணிக்கும் தீர்ப்புக் கூறப் புதியதொரு யந்திரம் வந்துகொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்பது அதன் பெயர். அதனிடமும் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும்.

யந்திரம் கற்கும் விதம்

சாதாரணக் கணிப்பொறி, மனிதர் எழுதிக் கொடுத்த விதிப்படி வட்டியைக் கணக்கிடும். விதி தெரியுமாதலால் விடையைச் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவோ ஆயிரக்கணக்கான உதாரணங்களைப் பார்த்துத் தானே விதியை வகுத்துக்கொள்கிறது. அவ்விதி இலட்சக்கணக்கான எண்களாக உள்ளே புதைந்து கிடக்கும். ஒரு குறிப்பிட்ட விடை ஏன் வந்தது என்பதை, அதைச் செய்தவரே எளிதில் கூற முடிவதில்லை. எனவே, விடையோடு காரணத்தையும் கூறும்படி அதை அமைக்கும் முறைகளை அறிஞர் பலர் ஆராய்ந்து வருகின்றனர்.

படைப்புழு தந்த பாடம்

2018ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் காணப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளக் கொல்லைகளிலும் புகுந்து பெருஞ்சேதம் விளைத்ததை நாம் மறக்கவில்லை. பின்னர், பயிரைப் படமெடுத்து அனுப்பினால் பூச்சியையும் நோயையும் கண்டு கூறும் வசதி தமிழ்நாடு அரசின் ‘உழவன்’ செயலி வாயிலாகக் கொண்டுவரப்பட்டது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகளே.

ஆயினும், ‘இது படைப்புழு’ என்று மட்டும் ஒரு யந்திரம் கூறினால், நம்பி மருந்து வாங்குவதா, வேண்டாமா? விடை தவறானால் மருந்துச் செலவும் வீண், பயிரும் வீண். ‘தலையில் தலைகீழான ஒய் எழுத்துப் போன்ற கோடு இருக்கிறது, வால் பக்கம் நான்கு புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கின்றன, ஆதலின் இது படைப்புழு’ என்று கூறினால், குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து நாமே சரிபார்க்கலாம். காரணம் கூறும் யந்திரத்தின் பயன் இதுவே.

காரணம் கேளாவிட்டால் வரும் கேடு யாது? 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவந்த ரிபெய்ரோ, சிங், கெஸ்ட்ரின் என்னும் மூவர் ஒரு சோதனை செய்து காட்டினர். ஓநாயையும், ஓநாய் போன்ற ஹஸ்கி நாயையும் படத்தில் பிரித்தறிய ஒரு யந்திரத்தைப் பழக்கினர். அதனிடம் காரணத்தை வெளிக்கொணர்ந்தபோது, அது விலங்கையே பார்க்கவில்லை. பின்னாலிருந்த பனியைப் பார்த்து ‘ஓநாய்’ என்றது தெரியவந்தது. மக்களின் நம்பிக்கையைச் சோதிக்க வேண்டுமென்றே அவ்வாறு பழக்கப்பட்ட யந்திரம் அது. நம் கரிசல் மண்ணைப் பார்த்துவிட்டு, ‘புழு இருக்கிறது’ என்று ஒரு யந்திரம் சொல்லாது என்பதற்கு என்ன உறுதி? காரணம் கேட்டாலன்றித் தெரியாது.

பங்கீட்டுக் கணக்கு

காரணத்தை வெளிக்கொணரும் முறைகளுள் ஒன்று கூட்டுறவாளருக்கு மிக நெருங்கியது. பலர் கூடி ஈட்டிய ஆதாயத்தில் ஒவ்வொருவருடைய பங்கு எவ்வளவு என்பதை நியாயமாகக் கணக்கிடும் வழியை 1953இல் லாயிட் ஷேப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்தார். 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவருள் அவர் ஒருவர். இக்கணக்கையே 2017இல் லண்ட்பெர்க், லீ என்னும் இருவர் யந்திரத்தின் விடைக்குப் பொருத்தினர். கடன் மனு ஒன்றுக்கு யந்திரம் குறைந்த மதிப்பெண் இட்டால், தவணை தவறியது எவ்வளவு குறைத்தது, சாகுபடிப் பரப்பு எவ்வளவு கூட்டியது என்று ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே காட்டலாம். உறுப்பினருக்கு இலாபப் பங்கு கணக்கிடுவது போன்றதே இது.

கடனும் துணியும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேடு கணிப்பொறியில் ஏறியபின், கடன் தகுதியை யந்திரம் மதிப்பிடும் நாள் தொலைவில் இல்லை. ‘யந்திரம் மறுத்துவிட்டது’ என்ற ஒற்றை வரியோடு முந்திரி உழவர் ஒருவரைத் திருப்பியனுப்புவது அறமாகுமா? சிறு கடன் மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2003லேயே வங்கிகளுக்கு நெறி வகுத்தது. அவ்வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஏழு சூத்திரங்களுள், யந்திரம் புரியும்படி அமைந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் வெளிப்படைத் தன்மையையும் தணிக்கையையும் வற்புறுத்துகிறது.

நெசவாளருக்கும் இதில் அக்கறை உண்டு. விசைத்தறித் துணியைப் பார்த்துப் பழகிய யந்திரத்திடம் கைத்தறிச் சேலையைக் காட்டினால், கைத்தறிக்கே அழகு தரும் சிறு ஏற்றத்தாழ்வைக் குற்றமென்று அது கழித்துவிடக்கூடும். எந்த இடத்தை எதற்காகக் குற்றமென்றது என்று சுட்டிக் காட்டினாலன்றோ நெசவாளர் மறுப்புரை கூற இயலும்?

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இத்தகைய யந்திரத்தை விற்க வரும் நிறுவனத்திடம் நிர்வாகக் குழுவினர் நான்கு கேள்விகளைக் கேட்பாராக.

1. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் தமிழில் தரப்படுமா?

2. விடை தெரிந்த நம் பழைய கணக்குகளையும், நம் வயல்களின் படங்களையும் கொண்டு முதலில் சோதிக்க இசைவீரா?

3. உறுப்பினர் முறையிட்டால், முடிவை மாற்றும் அதிகாரம் மனிதர் ஒருவரிடம் இருக்குமா?

4. காரணங்கள் யாவும் தணிக்கைக்காகப் பதிந்து வைக்கப்படுமா?

‘அது எங்கள் தொழில் இரகசியம்’ என்று சிலர் விடை கூறலாம். நாம் கேட்பது யந்திரத்தின் செய்முறையை அன்று. நம் உறுப்பினருக்குக் கிடைத்த விடையின் காரணத்தையே. காரணம் கூறும் சரக்குக்கே சந்தை உண்டு என்ற நிலை வந்தால், செய்வோரும் அதற்கேற்பச் செய்வர்.

ஒன்றை மறத்தலாகாது. யந்திரம் கூறும் காரணமும் பல வேளைகளில் தோராயமானதே. காரணம் சொல்லிவிட்டதாலேயே முடிவு சரியாகிவிடாது. வயலில் இறங்கிப் பார்க்கும் கண்ணும், துணியைத் தடவிப் பார்க்கும் விரலும், பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் பொறுமையும் என்றும் வேண்டும். அவற்றுக்குத் துணையாக யந்திரம் வருமானால் வரவேற்போம். எசமானனாக வருமானால் வாசலிலேயே நிறுத்திக் காரணம் கேட்போம். அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை எழுப்புவது அங்கத்தினர் ஒவ்வொருவருடைய கடமையாகும்.